ஆடுகிற காலும் உழைக்கிற கால்தான்

பங்குனி மாதத்தில் ஒரு விடியற்காலை. ஆலங்குடி போவதற்காக நாம் திருவரங்குளம் பஸ் நிறுத்தத்தில் நின்று கொண்டிருந்தோம். டீக்கடையில் அப்போதுதான் பாய்லர் சூடேறிக் கொண்டிருந்தது. மில் வேன் ஒன்று வந்து நின்றது. இரவு ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். தலைமயிரில் பஞ்சுத்தூசி, கண்ணெல்லாம் சிவப்பு. இரவெல்லாம் நின்று வேலை பார்த்த கால்களைச் சிரமப்பட்டுத்தான் எடுத்து வைத்தார்கள்.

அதே இடத்தில் ஒரு கரகாட்டச் செட்டும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தது. பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் திருவிழாவில் இரவு ஆடிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். தவிலும் பம்பையும் உறைக்குள் சுவரோடு சாய்ந்திருந்தன. நாதசுரக்காரர் குந்தியபடியே தூங்கிக் கொண்டிருந்தார். முகத்துப் பூச்சு பாதி அழிந்த நிலையில் இரண்டு பெண்கள் டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, சலங்கை கழற்றிய கணுக்காலைப் பிடித்துவிட்டுக் கொண்டிருந்தார்கள்.

வேனிலிருந்து இறங்கிய இளைஞர்களில் ஒருவர், மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக, “என்னக்கா, ராத்திரி ஆட்டம் பலமோ?” என்று கேட்டார். கேட்ட விதம் நல்ல விதமல்ல.

மூத்தவராக இருந்த பெண் கோபிக்கவில்லை. “ஆமா தம்பி. ராத்திரி ஷிப்டுக்கு உங்க மில்லுல எவ்வளவு குடுக்கிறாங்க?” என்று கேட்டார். இளைஞர் ஒரு தொகை சொன்னார். “எங்களுக்கும் ஏறத்தாழ அதுதான் தம்பி. ஏஜெண்டு பிடிச்சது போக. ஆனா உங்களுக்கு மாசம் பூரா வேலை இருக்கு” என்றார் அவர்.

சிரிப்பு நின்றது. இளைஞர் தலையைக் குனிந்து கொண்டு டீக் கிளாசை எடுத்தார். நாம் இரண்டு பேர் கால்களையும் பார்த்தோம். அவர் காலும் வீங்கியிருந்தது. இவர் காலும் வீங்கியிருந்தது.

இந்தக் கட்டுரையை நாம் எழுதுவது அந்த இரண்டு ஜோடிக் கால்களுக்காகத்தான்.

இது வேலையா, இல்லையா?

“கரகாட்டம், ரெக்கார்டு டான்சு, ஆடல் பாடல் என்று ஆடுகிற பெண்களைப் பற்றித் தொழிலாளி பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது? அது ஒரு தொழிலா?” என்று கேட்கிற தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் கேட்கும் எதிர்க் கேள்வி இதுதான்: கூலிக்காக உடம்பை வருத்தி, இன்னொருவர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்வது வேலை இல்லை என்றால் வேறு எது வேலை?

பித்தளைச் செம்பில் அரிசி நிரப்பி, அதன் மேல் பூவும் கிளியும் வைத்து, கையால் தொடாமல் தலையில் நிறுத்தி ஆடுவது ஒரு நாளில் வருகிற வித்தை அல்ல. கழுத்தும் இடுப்பும் முழங்காலும் வருஷக்கணக்கில் பழகினால்தான் வரும். நெசவாளிக்குக் கை பழகுவதைப் போல, நாற்று நடுகிற பெண்ணுக்கு விரல் பழகுவதைப் போல, இவர்களுக்குக் கால் பழகியிருக்கிறது. நையாண்டி மேளம் எந்தத் தாளத்துக்கு மாறினாலும் கால் உடனே மாற வேண்டும். மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆடுகிற பெண்ணும் அப்படித்தான். கரகம் ஒன்றுதான் அவள் தலையில் இல்லை. ஊரின் பார்வை முழுவதும் இருக்கிறது.

வேலை இருக்கிற காலமோ மிகச் சிறிது. நம் வட்டாரத்தில் மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை என்று தொடங்கி, ஊருக்கு ஊர் திருவிழா நடக்கிற மாதங்களில்தான் அடுப்பு எரியும். மழைக்காலம் வந்துவிட்டால் விவசாயத் தொழிலாளிக்கு நடவு கிடைக்கும். இவர்களில் பலரும் அதே வயலுக்குத்தான் வருகிறார்கள். அதாவது, நேற்று கரகம் தூக்கியவர் இன்று உங்கள் பக்கத்து வரிசையில் குனிந்து நாற்று நடுகிறவராக இருக்கலாம். கீரமங்கலம் பக்கம் விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கப் போகிறவராகவும் இருக்கலாம். 2020-லும் 2021-லும் கொரோனா ஊரடங்கு சரியாகத் திருவிழாக் காலத்தில் வந்தபோது, இரண்டு வருஷத்து வருமானமும் அவர்களுக்கு அடியோடு போயிற்று.

வாங்கியது உழைப்பையா, உடம்பையா?

கூலி கொடுத்தவன் வாங்கியது எதை? உழைப்பையா, உடம்பையா? பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. தஞ்சை மாவட்டத்துப் பண்ணைகளில் மிராசுதார்கள் பண்ணையாளின் உழைப்பு மட்டுமல்ல, அவனுடைய முதுகும், அவன் மனைவியின் மானமும் தங்களுக்கே சொந்தம் என்று நினைத்திருந்தார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் அதனால்தான் இருந்தன. 1940-களில் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு நிமிர்ந்த பிறகுதான் அது ஒழிந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது.

திருவிழாப் பந்தலில் குடித்துவிட்டு ஏறி வந்து, பத்து ரூபாய் நோட்டை ஆடுகிறவள் ரவிக்கையில் தன் கையாலேயே குத்துவேன் என்கிறவன் யார்? அவன் மிராசுதார் அல்ல. நம்மைப் போல ஒரு கூலிக்காரன்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் தலையில் உட்கார்ந்திருப்பது பழைய மிராசுதாருடைய புத்தி. “காசு கொடுத்தேன், ஆகவே ஆளே எனக்குச் சொந்தம்” என்ற அதே புத்தி.

இதை நாம் யாரையோ குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நாமும் நின்றிருக்கிறோம். ஒருவன் மேடையேறி வம்பு செய்தபோது தடுக்காமல் வேடிக்கை பார்த்திருக்கிறோம். ஆலை வாசலில் உரிமை பேசுகிற வாய், ஆட்டப் பந்தலில் மூடிக் கொண்டது. இது நம்முடைய குற்றம்.

நம் மாவட்டத்துச் சரித்திரம்

புதுக்கோட்டைக்காரர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் ஒரு பொறுப்பு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்தது புதுக்கோட்டையில். தாயார் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் அவர் போராடினார். பழமைவாதிகள் எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. கடைசியில் 1947-ல் சட்டம் நிறைவேறிற்று. சிறுமியைக் கோயிலுக்கு எழுதி வைத்து, பெரிய மனிதர்களின் சொத்தாக்குகிற கொடுமைக்கு முடிவு வந்தது. அது மகத்தான வெற்றி.

ஆனால் வெற்றியோடு ஒரு குறையும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்கள் ஆடிய சதிராட்டம், பரதநாட்டியம் என்ற பெயரில் நகரத்துச் சபாக்களுக்குப் போய்க் கௌரவம் பெற்றது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய குடும்பங்களில் பலருக்கோ அந்தக் கௌரவமும் கிடைக்கவில்லை, பிழைப்பும் கிடைக்கவில்லை. நம் மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலில் ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள் அவர்களுக்கு பத்மஸ்ரீ விருது வந்தது 2022-ல். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கலைக்கு முதலில் மேடை, கலைஞருக்குக் கடைசியில் மரியாதை என்பதுதான் நடந்தது.

இதிலிருந்து பாடம் என்ன? அடிமைத்தனத்தை ஒழிப்பது வேறு. அடிமைத்தனத்தில் சிக்கியவரின் பிழைப்பை ஒழிப்பது வேறு. முதலாவதைச் செய்ய வேண்டும். இரண்டாவதைச் செய்யக் கூடாது.

தடை போட்டால் தீருமா?

ஒவ்வொரு வருஷமும் திருவிழாக் காலத்தில் “ஆபாச ஆட்டத்தைத் தடை செய்” என்ற குரல் எழுகிறது. ஹைகோர்ட்டில் வழக்குகள் போகின்றன; நிபந்தனைகளோடு அனுமதி வருகிறது. ஆபாச உடை கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள். ஒரு சாதியை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சமூகத்து மக்களே எதிர்த்ததனால், 2023-ல் குறவன் குறத்தி ஆட்டத்துக்குத் தமிழக அரசு தடை விதித்தது. ஒரு சமூகத்தின் பெயரை வைத்துக் கேலி செய்து காசு பண்ணக் கூடாது என்ற அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. ஆபாசத்தை நாமும் ஆதரிக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிபந்தனைகளில் பெரும்பகுதி ஆடுகிற பெண்ணின் உடையைப் பற்றியது. அவள் உடை மாற்ற மறைவான இடம் உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா, ஒதுங்கக் கழிப்பறை உண்டா என்று கேட்கிற நிபந்தனை எங்கே? இரட்டை அர்த்தப் பாட்டைப் போடச் சொல்கிறவன் ஏஜெண்டு. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கத்துகிறவன் பார்வையாளன். வழக்கு வருகிறபோது முதலில் பெயர் கெடுவது மட்டும் அவளுக்கு.

வெறும் தடை என்ன செய்யும் என்பதை பம்பாய் காட்டியிருக்கிறது. 2005-ல் மகாராஷ்டிர அரசு மதுக்கூடங்களில் நடனத்தைத் தடை செய்தது. அங்கே ஆடிப் பிழைத்த பெண்கள் ஏறத்தாழ 75,000 பேர் என்று அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. அதே சட்டம் பெரிய நட்சத்திர ஓட்டல்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தது. ஏழை பார்த்தால் ஆபாசம், பணக்காரன் பார்த்தால் கலை என்பது அந்தச் சட்டத்தின் தத்துவம்! 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண்களைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லிக் கொண்டு வந்த தடை, வேறு வழியில்லாமல் பலரை விபசாரத்துக்கே தள்ளிவிட்டது என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. எட்டு வருஷம் கழித்து வந்த நியாயம், இடையில் தொலைந்து போன குடும்பங்களை மீட்டுத் தரவில்லை.

ஆடுகிற சகோதரிகளுக்கு: உடம்பைப் பற்றி

இப்போது ஆடுகிற சகோதரிகளிடமே சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். உங்களுடைய மூலதனம் உடம்பு ஒன்றுதான். முதலாளி யந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறான். உங்கள் உடம்புக்கு எண்ணெய் போட வேறு யாரும் வர மாட்டார்கள்.

முதலாவது, தண்ணீர். ஒதுங்க இடமில்லை என்பதற்காகச் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற வழக்கம் பல பெண்களிடம் இருக்கிறது. சித்திரை வெக்கையில், வியர்வை கொட்ட ஆடுகிறவருக்கு இது விஷம். தலைசுற்றல், தசைப்பிடிப்பு, நீர்க்கடுப்பு எல்லாம் இதனால் வரும். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் உடம்பில் நீர் போதவில்லை என்று அர்த்தம். எரிச்சலோடு காய்ச்சலும் முதுகு வலியும் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கான பொட்டலம் இலவசமாகவே கிடைக்கும். உப்புப் போட்ட நீர்மோரும் நல்லது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கால். ஆடுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் மெதுவாக நடந்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து எல்லாவற்றையும் அசைத்துச் சூடேற்றிக் கொள்ளுங்கள். கூடுமானால் சிமெண்டு ரோட்டில் ஆடாதீர்கள். மண் தரை முழங்காலுக்கு நல்லது. ஆட்டம் தொடங்குமுன் வெளிச்சத்தில் இடத்தைப் பெருக்கச் சொல்லுங்கள். வெடித்த பட்டாசும் உடைந்த பாட்டிலும் இல்லாத திருவிழா இந்தக் காலத்தில் இல்லை. காலில் கண்ணாடியோ ஆணியோ குத்தினால் மஞ்சளை அப்பிக் கொண்டு ஆடாமல், கழுவிக் கட்டி, தடுப்பூசி போட்டுக் கொள்ளுங்கள். கால் பிசகினால் அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவி விடக் கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த துணி வைத்து, துணியால் சுற்றி, காலை உயரத்தில் வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். சலங்கைக்குக் கீழே துணி சுற்றினால் தோல் உரியாது. கரகம் தூக்குகிறவர்களுக்குக் கையில் மரத்துப் போவதோ எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சியோ தொடர்ந்து இருந்தால், கழுத்து எலும்பைக் காட்ட வேண்டும் என்று அர்த்தம்.

மூன்றாவது, மாத்திரை. வலி தெரியாமல் ஆட வேண்டும் என்று வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவதும், ஊசி போட்டுக் கொள்வதும் அதிகரித்து வருகிறது. இது வயிற்றில் புண்ணை உண்டாக்கும்; தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்தையே கெடுக்கும். வலி என்பது உடம்பு கொடுக்கிற நோட்டீசு. அதைக் கிழித்துப் போடுவதால் வழக்கு தள்ளுபடியாகி விடாது. கூச்சம் தெரியாமலிருக்க மதுவைக் கொடுத்துப் பழக்குகிற ஏஜெண்டுகளும் உண்டு. இன்றைக்குக் கொடுப்பது கிளாசு, நாளைக்குப் போடுவது விலங்கு.

நான்காவது, விபரீத வித்தைகள். கண் இமையால் ஊசி எடுப்பது, மண்ணெண்ணெயை வாயில் வைத்து நெருப்பு ஊதுவது போன்றவற்றுக்குக் கைதட்டல் அதிகம். ஆனால் ஊசி கொஞ்சம் தவறினால் கண் போகும். மண்ணெண்ணெய் துளி மூச்சுக் குழலில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும். அதற்குப் பிறகு கைதட்டியவர்களில் ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள். ‘மாட்டேன்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஐந்தாவது, காதும் தூக்கமும். ஸ்பீக்கர் பெட்டிக்கு எதிரே நின்று ஆடாதீர்கள். ஆட்டம் முடிந்த பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால் அது காது கெடுவதற்கு முன்னறிவிப்பு. ஓர் இரவு விழித்தால் மறுநாள் பகலில் இருட்டான அறையில் ஒரே மூச்சாகத் தூங்குங்கள். வேன் டிரைவரும் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். அவரும் உங்களைப் போல இரவெல்லாம் விழித்தவர்தான். கண் மை, முகப் பூச்சுகளை ஒருவருடையதை இன்னொருவர் உபயோகிக்காதீர்கள். கண் நோய் பரவும்.

கடைசியாக, கர்ப்பிணிகள். டாக்டர் ஆடலாம் என்று சொல்லாமல் ஆடக் கூடாது. பிரசவத்துக்காக அரசு கொடுக்கிற 18,000 ரூபாய் உதவித் திட்டத்துக்கு, மேலே சொன்ன முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து கொள்ளுங்கள். அது பிச்சை அல்ல, உரிமை.

வேலையிடத்தில் வருகிற தொல்லைகள்

உடம்பைக் காப்பாற்றுவது ஒரு பாதி. மானத்தையும் கூலியையும் காப்பாற்றுவது மறு பாதி.

தனியாகப் பேசாதீர்கள்; செட்டாகப் பேசுங்கள். தொகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிவது, போக்குவரத்து யார் செலவு, சாப்பாடு எங்கே என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதித் திருவிழாக் கமிட்டியாரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத்து இல்லாத கூலி காற்றில் எழுதின கூலி. யாராவது மேடையேறினால் மேளம் உடனே நிற்க வேண்டும் என்று வாத்தியக்காரர்களோடு முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். மேளம் நின்றால் கூட்டம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்கும். அதைவிடப் பெரிய போலீசு இல்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்கும் 1998-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் கோயில்களுக்கும் திருவிழா நடக்கிற இடங்களுக்கும் பொருந்தும். வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ம் வருஷச் சட்டம் அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கும் உண்டு. ஏஜெண்டே தொல்லை செய்தால் மூன்று மாதத்துக்குள் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் எழுதிக் கொடுக்கலாம். உடை மாற்றுகிற இடத்தில் செல்போனில் படம் பிடிப்பது ஜெயிலுக்குப் போகிற குற்றம். ஆட்டத்தை எடுத்துக் கோணலாக வெட்டி ஒட்டி இணையத்தில் ஆபாசமாகப் போடுகிறவன் மீது சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்யலாம். அவசரத்துக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. பதினெட்டு வயது நிறையாத பெண்ணை மேடையேற்றினால், யாராக இருந்தாலும், 1098-க்குச் சொல்லத் தயங்கக் கூடாது.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007-ல் நல வாரியம் ஏற்படுத்தப்பட்டது. கலை பண்பாட்டுத் துறையில் மனுக் கொடுத்து அட்டை வாங்கிக் கொள்ள வேண்டும். அந்த அட்டை இல்லாமல் உதவி எதுவும் கிடைக்காது. ஆனால் நாட்டுப்புறக் கலை என்ற வரம்புக்குள் வராத ஆடல் பாடல் மேடைப் பெண்ணுக்கு என்ன வழி? அவளுக்கும் நல வாரியத்தில் இடம் வேண்டும் என்பது நம்முடைய கோரிக்கை.

இதெல்லாம் மிகைப்படுத்திய பயமா? இல்லை. 2016 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் பட்டிண்டா மாவட்டத்தில், கல்யாண வீட்டு மேடையில் ஆடிக் கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருவர், கூட்டத்திலிருந்து பாய்ந்த துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். கல்யாணத்துக்கு வந்தவன் கையில் துப்பாக்கி இருந்தது; ஆட வந்தவளுக்குப் பாதுகாப்பு இல்லை.

கடல் கடந்த உதாரணம்

“இந்தத் தொழிலில் சங்கமா? நடக்கிற காரியமா?” என்று சிலர் சிரிக்கலாம். அவர்களுக்கு அமெரிக்காவைக் காட்டுகிறோம். அங்கே ஆடை குறைத்து ஆடுகிற பெண்களின் விடுதிகள் உண்டு. ஊரார் பார்வையில் அதைவிடக் கேவலமான தொழில் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் லஸ்டி லேடி என்ற விடுதியில், வருகிறவர்கள் தங்களை ஒளிந்திருந்து படம் பிடிக்கிறார்கள் என்று பெண்கள் கொதித்தெழுந்து, 1996-ல் சங்கத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். மறு வருஷம் ஒப்பந்தம் வாங்கினார்கள். 2003-ல் அந்த விடுதியையே தொழிலாளர் கூட்டுறவாக மாற்றி, அது மூடப்பட்ட 2013 வரை நடத்திக் காட்டினார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஸ்டார் கார்டன் என்ற விடுதியில் 2022-ல், படம் பிடிப்பதையும் அத்துமீறுவதையும் தடுக்க வேண்டும் என்று மனுக் கொடுத்த பெண்களை முதலாளி உள்ளே விடாமல் கதவடைத்தார். அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் மறியல் செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் நின்றார்கள். 2023 மே மாதம் ஓட்டு எண்ணப்பட்டபோது சங்கத்துக்கு ஆதரவாக 17 ஓட்டு. எதிராக ஒன்றுகூட இல்லை. நாடக நடிகர்களின் பழைய சங்கமே அவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்துக் கொண்டது.

கோரிக்கையைப் பாருங்கள்: அனுமதியில்லாமல் படம் பிடிக்காதே, தொடாதே, பாதுகாப்புக் கொடு, எதிர்த்துப் பேசினவளை நீக்காதே. இது திருவரங்குளத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கோரிக்கையா, லாஸ் ஏஞ்சல்ஸ் பெண்ணின் கோரிக்கையா? பெயரை மறைத்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது.

நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் சங்கம் வைத்து, நாடகத் தேதியும் தொகையும் அங்கே பேசுகிற பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ராஜபார்ட்டுக்கு முடிந்தது கரகத்துக்கும் முடியும்.

நாம் செய்ய வேண்டியது

இறுதியாக, இதைப் படிக்கிற ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளித் தோழர்களே! திருவிழாக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். வரி வசூலிக்கிறவர்களும், ஆட்டம் பேசுகிறவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு ஒரு நாள் நீங்கள்தான் வேலை கொடுக்கிறவர்கள். உங்கள் முதலாளி உங்களிடம் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்களோ, அப்படி நீங்கள் நடந்து காட்ட வேண்டாமா?

வருகிற திருவிழாவுக்குள் உங்கள் ஊர்க் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்:

பேசிய தொகையை ஏஜெண்டு கையில் மட்டும் கொடுக்காமல், செட்டார் எல்லோர் முன்னிலையிலும் ஆட்டம் முடிந்த அன்றைக்கே கொடுப்பது.

உடை மாற்ற, கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. பள்ளிக்கூடமோ, சமுதாயக் கூடமோ, ஒரு வீடோ எதுவானாலும் சரி. அதன் பக்கத்தில் கழிப்பறை, குடிதண்ணீர்.

மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே கயிறு. கயிற்றைத் தாண்டுகிறவன் எந்தத் தெருக்காரனானாலும், எந்தச் சாதிக்காரனானாலும் வெளியே அனுப்ப, குடிக்காத நான்கு இளைஞர்கள். அன்பளிப்புக் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு மேடை ஓரத்தில் ஒரு தட்டு.

சாப்பாடு, ஊரார் சாப்பிடுகிற அதே பந்தியில், அதே இலையில்.

கையோடு ஒரு முதலுதவிப் பெட்டி. காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கமிட்டியைச் சேர்ந்தது.

இவற்றில் பெரும் பணம் செலவாகிற காரியம் எதுவும் இல்லை. ஒரு வாணவேடிக்கைச் செலவில் நான்கில் ஒரு பங்குகூட ஆகாது. வேண்டியது மனசு ஒன்றுதான்.

அன்று திருவரங்குளத்தில் பஸ் வந்தது. ஏறுகிறபோது அந்த மில் இளைஞர், தாமாகவே முன்வந்து, தவிலைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தார். “வர்றேன் தம்பி” என்றார் அந்த அக்கா. “போயிட்டு வாங்கக்கா” என்றார் அவர். கேலி பேசிய அதே வாய்தான் இதையும் பேசியது. பாட்டாளி பாட்டாளியை அடையாளம் கண்டு கொள்ள அதிக நேரம் தேவையில்லை. ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம் போதும்.

அந்த அடையாளம் பஸ் நிறுத்தத்தோடு நின்றுவிடக் கூடாது. திருவிழாப் பந்தலுக்கும் வர வேண்டும். ஆடுகிறவர்கள் சங்கமாகட்டும், பார்க்கிறவர்கள் அந்தச் சங்கத்துக்குக் காவலாக நிற்கட்டும்!